கடல் பார்க்காத வலை

ஈரச் சுண்ணாம்பின் மணம் ஓடி வந்து கட்டிக்கொள்கிற மணம் அல்ல. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று தயங்குகிற விருந்தாளி மாதிரி அது. முதலில் மூக்கின் நுனியில் ஒரு குளிர்ச்சி, அப்புறம் தொண்டையில் லேசான காரம், அப்புறம் நாம் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருக்கும்போது வீடு முழுக்க அதுதான். இன்று காலையிலிருந்து முத்தியால்பேட்டையில் என் வீட்டுக் கூடம் இந்த மணத்துக்குள்தான் இருக்கிறது. கட்டில், மேசை, டிவி எல்லாம் நடுவில் குவிந்து, பழைய சேலை ஒன்றைப் போர்த்திக்கொண்டு கிடக்கின்றன. எதிரே நீளச் சுவர், இன்னும் ஈரமாக. நான் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே விட்டால் அவை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும்.

ஜன்னல் கம்பியில் ஒரு வலை காய்கிறது. தடித்த முறுக்கு நூலில் கையால் பின்னிய வலை. முடிச்சுகளில் பழைய சுண்ணாம்பு இறுகிக் கல்லாகியிருக்கிறது. தெருவில் போகிறவர்கள் பார்த்தால், குருசுக்குப்பத்திலிருந்து வந்த மீனவர் யாரோ மறந்துவிட்டுப் போனது என்றுதான் நினைப்பார்கள். பக்கத்து வீட்டுப் பூனை கூட அப்படித்தான் நினைத்தது. ஆசையோடு ஜன்னலில் ஏறி, முகர்ந்து பார்த்து, ஏமாந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கிப் போனது. அந்த வலை பிறந்ததிலிருந்து ஒரு மீனைக் கண்டதில்லை. கடலையே கண்டதில்லை. அதைச் சுவரிலிருந்து உரித்து, அலசி, உதறி, கம்பியில் விரித்துவிட்டுச் சற்று முன்புதான் அண்ணி வேன் ஏறிப் போனார்.

அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி. குருசுக்குப்பத்துப் பெண். அப்பாவும் தம்பியும் கடலில், அம்மா மீன்கூடையில் என்று வளர்ந்தவர். அண்ணன் மில் வேலையில் இருந்தபோது எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கும் அவருக்கும் வயது அதிக வித்தியாசமில்லை. ஆனாலும் வந்த நாளிலிருந்து என்னைப் "பாப்பா" என்றுதான் கூப்பிடுவார், எனக்குத் தலை நரைத்த பிறகும். மில் கதவு சாத்தியதும் அண்ணன் தட்டாஞ்சாவடியில் ஒரு பிளாஸ்டிக் பட்டறைக்குப் போனார். அண்ணி மீன்கூடையை எடுப்பார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ பெயிண்ட் வேலை செய்கிற மேஸ்திரி ஒருவரிடம் சித்தாளாகச் சேர்ந்தார்.

அந்தத் தொழிலில் சித்தாள் என்றால் தூக்குகிறவள். தண்ணீர் தூக்க வேண்டும், சட்டி தூக்க வேண்டும், சுவரை உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும், வேலை முடிந்ததும் தரையைக் கழுவ வேண்டும். சுவரில் பட்டி இழுக்கிற தகட்டைக் கையில் பிடிக்கிறவர் ஆணாகத்தான் இருப்பார். ஆண்பிள்ளை சேர்ந்த மறுவருஷமே தகடு பிடிப்பான், இன்னும் கொஞ்ச வருஷத்தில் மேஸ்திரி ஆவான். பெண் எத்தனை வருஷம் ஆனாலும் சித்தாள். அண்ணி இதை ஒரே மூச்சில் சொல்லுவார்: "ஆம்பளைக்கு வயசானா மேஸ்திரி, பாப்பா. பொம்பளைக்கு வயசானா ஆயா. நடுவுல ஒண்ணுமே கெடையாது." சொல்லிவிட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பல்லைக் கடிக்கிற சத்தமும் இருக்கும்.

அப்போது நான் டவுனில் ஒரு பெயிண்டுக் கடையில் கலர் கலக்கும் மெஷினில் இருந்தேன், இரவில் கவிதை எழுதிக்கொண்டு. சுவர்கள் சும்மா இருக்கப் பிடிக்காமல் போன காலம் அது. அதற்கு முன்னால் பொங்கலுக்கு வெள்ளை, கல்யாணத்துக்கு ரோஸ் என்று இருந்த ஊரில், கூடத்தின் ஒரு சுவர் மட்டும் வேறு மாதிரி இருக்க வேண்டும் என்று ஜனங்கள் கேட்கத் தொடங்கினார்கள். ஒருத்தருக்குப் பூ அச்சு. ஒருத்தருக்குத் தங்கப் பொடி. ஒருத்தருக்கு மரம் மாதிரி தெரிகிற சுவர், இன்னொருத்தருக்குக் கல் மாதிரி. சுவர் சுவர் மாதிரி தெரிந்தால் மட்டும் ஒருத்தருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. மாற்ற முடியாதது எவ்வளவோ இருக்கும் வீட்டில் ஒரு சுவரையாவது மாற்றிவிட்டு, இரவு சாப்பாட்டை அதன் எதிரில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். சந்தோஷம் அப்படியும் வரும். டப்பாவில் வரும், ரோலரில் உருளும், ஒரு கோட்டிங் போதவில்லை என்றால் இரண்டாவது கோட்டிங்கில் வரும்.

அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தார். மேஸ்திரி செய்வதைப் பார்த்துவிட்டு வந்து, எங்கள் வீட்டுக் குளியலறைச் சுவரில் செய்து பார்ப்பார். மிச்சமான பட்டியைக் குழைத்துப் பூசி, கரண்டியின் முதுகால் இழுப்பார். சாக்கை ஒற்றி எடுப்பார், தேங்காய் நாரை உருட்டுவார், பழைய சீப்பால் வாரி விடுவார். பிடிக்கவில்லை என்றால் சுரண்டிவிட்டு மறுபடியும். அண்ணன் துண்டோடு போய், துண்டோடு திரும்பி வந்து சொல்வார்: "குளிக்கப் போனா சொவுரு என்னைய மொறைக்குது. யாராவது நம்ம ஊட்டுச் சொவுர இன்னான்னு கேளுங்கப்பா."

ஒருநாள் அண்ணி குருசுக்குப்பத்துக்குப் போயிருந்தார். தம்பி வீட்டு முன்னால் புதிதாகச் சிமெண்ட் தரை போட்டிருந்தார்கள். அது காய்வதற்குள் யாரோ அதன் மேல் வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தரை முழுக்கச் சாய்சதுரக் கண்கள். தம்பி திட்டிக்கொண்டிருந்தான். அண்ணி அந்தத் தரையில் உட்கார்ந்து, கண்களை ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தாராம். தம்பி கிழித்துப் போட்டிருந்த பழைய வலையில் ஒரு துண்டைச் சுருட்டிக்கொண்டு வீடு வந்தார். அந்த வாரம் எங்கள் குளியலறைச் சுவர் முறைப்பதை நிறுத்திக்கொண்டது. சுண்ணாம்பும் வெள்ளை சிமெண்டும் கலந்து பூசி, ஈரத்தில் வலையை ஒட்டி, பலகையால் அழுத்தி, உரித்து எடுத்திருந்தார். காய்ந்த பிறகு நீலத்தைத் தண்ணீராகக் கரைத்து ஒரு துணியால் துடைத்திருந்தார். மேட்டில் நிறம் நிற்காமல் பள்ளத்தில் போய்த் தங்கியிருந்தது. நான் குளிக்காமல் வெகுநேரம் நின்றேன். வெளியிலிருந்து அண்ணன் கதவைத் தட்டினார்.

அந்தச் சுவரைத்தான் நான் மதாமுக்குக் காட்டினேன். எங்கள் கடைக்கு வருகிற அம்மா அவர். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றுக் காலமானவர். ஊரில் அப்படிப்பட்டவர்களைச் சொல்தா என்போம். மகன் பிரான்சில். நோயலுக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, பெண்டாட்டி பிள்ளைகளோடு வருகிறான், சலோன் என்கிற வரவேற்பறைச் சுவர் அதற்குள் புதிதாக வேண்டும் என்று வந்தவர், நான் விரித்த மாதிரி அட்டை எல்லாவற்றையும் மூடி மூடி வைத்தார். "இது டாக்டர் வீட்ல இருக்கு. இது என் நாத்தனார் வீட்ல. இது ஓட்டல்ல. எனக்குன்னு ஒண்ணும் இல்லையா உன்கிட்ட?" நான் போனை எடுத்துக் குளியலறைச் சுவரைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"யாரு மேஸ்திரி?"

"எங்க அண்ணி."

"அதில்ல. மேஸ்திரி யாருன்னு கேக்கறேன்."

"அண்ணிதான் மதாம்."

என் முகத்தைப் பார்த்தார். மறுபடியும் போனைப் பார்த்தார். "சரி, வரச் சொல்லு," என்றார்.

அண்ணி வேலையை விடுகிறேன் என்று சொன்னபோது மேஸ்திரி கோபப்படவில்லை. அவர் நல்ல மனிதர்தான், கூலியை ஒருநாளும் நிறுத்தி வைத்ததில்லை. சிரித்துக்கொண்டு, "போயிட்டு வாம்மா. மழை வர்றதுக்குள்ள திரும்பிடுவ. உன் சட்டிய நானே கழுவி வெக்கிறேன்," என்றாராம். மற்ற பெண்களும் சிரித்தார்கள். அண்ணி சொன்ன பதிலை என்னிடம் சாயங்காலம் சொன்னார்: "அந்தச் சொவுரு கெட்டுச்சின்னா நானே வந்து சட்டியத் தூக்குறேன். அதுக்கப்புறம் சாவுற வரைக்கும் தகடு வேணும்னு வாயத் தொறக்க மாட்டேன். இத எல்லாரும் கேட்டுக்குங்க." சொல்லிக்கொண்டே கழுவிய தட்டையே மறுபடியும் கழுவினார். பயமா, ரோஷமா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

குருசுக்குப்பத்தில் அதைவிட மோசம். ஏணி ஏறி ஊரான் வீட்டுச் சுவரில் வலை வீசப் போகிறாள் அக்கா என்று கரையில் கேலி கிளம்பி, தம்பிக்குத் தலை குனிந்து போயிற்று. அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான்.

மதாமின் சலோன் சுவரை அண்ணி மழைக்கு முன்பே முடித்தார். விடுமுறை போட்டுவிட்டு நானும் கூடப் போயிருந்தேன். தம்பி முன்பு கிழித்துப் போட்ட பழைய வலையில் பெரிய துண்டாக எடுத்து, குருசுக்குப்பத்துக் குழாயடியில் அலசோ அலசென்று அலசி, முனையைக் கடித்து நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்ல, நல்லாப் போயிடுச்சி," என்று சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. ஈரமாக இருந்தால்தான் ஒட்டும் என்று அதே குழாய்த் தண்ணீரில் ஊறவைத்தே கொண்டு வந்தார். சுவரில் விரித்து, அழுத்தி, மேல் முனையிலிருந்து அவர் வலையை உரித்தபோது எழுந்த அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது? காயத்துக் கட்டைப் பிரிக்கிற மாதிரி, முத்தம் மாதிரி, சேற்றிலிருந்து கால் எடுக்கிற மாதிரி. ஒவ்வொரு கண்ணாகத் திறந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. ஒரு கண்ணுக்குள் விரலை வைத்தேன். பட்டென்று கையில் ஒரு அடி விழுந்தது.

"பால் பொங்குதான்னு தொட்டுப் பாப்பியா நீ? கைய வெச்சிக்கினு சும்மா இரு."

மதாம் கிட்டே வந்தார். நாற்காலியை இழுத்துச் சுவருக்கு எதிரே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

மழை வந்தது. எங்கள் ஊர் மழை கடலையும் சேர்த்துத்தான் கொண்டு வரும். கதவு ஊதிப் போய்ச் சாத்த வராது, அப்பளம் நமுத்துப் போகும், தீப்பெட்டி பற்றாது. அப்படி ஒரு நாளில் மதாம் கடைக்கே போன் செய்தார். "உன் அண்ணியக் கூட்டிட்டு வா. உடனே வா." நாங்கள் போய்ப் பார்த்தபோது, சுவரில் வலை மறுபடியும் இருந்தது. முதலில் அப்படித்தான் தோன்றியது. கிட்டப் போனால் தெரிந்தது, அது நூல் இல்லை. வலை பதிந்த கோடுகளில் மட்டும், கண் தவறாமல், முடிச்சு தவறாமல், வெள்ளை வெள்ளையாக ஒரு பூஞ்சு எழும்பி நின்றது. நீலம் அதன் அடியில் பொருபொருவென்று உதிர்ந்துகொண்டிருந்தது. மதாம் ஒரு கோட்டில் விரலை ஓட்டி நாக்கில் வைத்தார்.

"சாலே," என்றார். பிறகு எங்களுக்காக, "உப்பு."

அண்ணி தானும் தொட்டு வாயில் வைத்தார். "உப்பா? எனக்கு ஒண்ணும் தெரியலியே மதாம்," என்றார். சத்தியமாகத்தான் சொன்னார். நான் தொட்டு வைத்துப் பார்த்தேன். நாக்கு சுருங்கியது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எத்தனையோ வருஷம் கடலில் ஊறிய வலை அது. எங்கள் குளியலறையில் தினமும் விழுந்த தண்ணீர் உப்பைக் கழுவிவிட்டிருந்தது. அலசியது குருசுக்குப்பத்துக் குழாய்த் தண்ணீர், அதுவும் பாதிக் கடல். ருசி பார்த்தது கடற்கரையில் பிறந்து, அந்தத் தண்ணீரில் சோறு வடித்து, அந்தக் காற்றில் தூங்கி எழுந்த நாக்கு. உப்பு அந்த நாக்குக்கு ஒரு ருசியே இல்லை. கண்ணுக்கு எதிரே மூக்கு இருப்பது மாதிரி, எப்போதும் இருப்பதால் இல்லாமல் போனது. அந்தத் தப்பை உலகத்தில் வேறு எந்த மேஸ்திரியும் செய்திருக்க முடியாது. குருசுக்குப்பத்துப் பெண்தான் செய்ய முடியும்.

மதாம் கத்தவில்லை. "எனக்குக் கோவம் இல்லம்மா. ஆனா என் பையன் வர்றப்ப இது இப்படி இருக்கக் கூடாது. உன்னால முடிஞ்சா செய். முடியாதுன்னா சொல்லிடு, ஆளை வெச்சி வெள்ளை அடிச்சிட்றேன்," என்றார். அண்ணி சுவரை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். அந்த வெள்ளைக்குப் பின்னால் கழுவி வைத்த சட்டி ஒன்று தெரிந்திருக்கும் அவருக்கு.

"மொத்தத்தையும் உரிச்சிட்றேன் மதாம். செங்கல்லு தெரியிற வரைக்கும்."

உரித்தார். சொந்தக் கையால் செய்ததைச் சொந்தக் கையால் இடிப்பது என்ன என்பதை அருகில் இருந்து பார்த்தேன். ஒருவேளை அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் அழவில்லை. தாளம் போட்டுக் கொத்தினார். செங்கல் தெரிந்ததும் நல்ல தண்ணீரால் கழுவினார், காயவிட்டார், மறுபடியும் கழுவினார். வெளியே மழை, உள்ளே மின்விசிறி. காரைப் பூச்சு புதிதாகப் போட்டு அது காய்ந்தபோது, ஒரே ஒரு குறை மிச்சம் இருந்தது. வலை இல்லை. கடையில் கிடைக்கிற மெல்லிய நைலான் நரம்பு வலை சுவரில் கீறல் மாதிரிதான் விழுந்தது. தடித்த நூலில் கையால் பின்னிய வலை வேண்டும், அது கடலில் இறங்காததாகவும் இருக்க வேண்டும்.

"உங்க தம்பி புதுசா ஒண்ணு பின்னி வெச்சிருக்காராமே. ஒருநாளைக்குக் கேட்டுப் பாக்கலாமா, அண்ணி?" என்றேன். கோயில் விளக்கில் பீடி பற்றவைக்கக் கேட்ட மாதிரி என்னைப் பார்த்தார்.

"புது வலை மொதல்ல கடல்லதான் எறங்கணும், பாப்பா. மஞ்ச வெச்சி, சூடம் காட்டி, மொத எறக்கம் தண்ணியில. மொதல்ல சொவத்துல எறங்குச்சின்னா அது அப்புறம் கடலுக்குப் போயி இன்னாத்தப் புடிக்கும்? பல்லியா?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பேசாத தம்பியின் வலைக்கும் ஒரு முதல் இறக்கம் உண்டு. அதைத் தன் சுவருக்காகக் கெடுக்க அவருக்கு மனசு வரவில்லை. நூல்கண்டும் வலை ஊசியும் வாங்கி வந்து எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து அவரே பின்னத் தொடங்கினார். சின்ன வயதில் பார்த்தது, கை மறந்திருந்தது. ஒரு கண் பெரிது, ஒரு கண் சிறிது. பின்னுவார், பிரிப்பார். நோயல் நெருங்கிக்கொண்டிருந்தது. தெருவில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன.

தம்பிக்கு யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது. அண்ணன்தான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கேட்டால் இல்லை என்பார். ஒரு மத்தியானம் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து வாசலில் நின்றான். அக்காவைப் பார்க்காமல் அக்கா மடியில் கிடந்ததைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தான்.

"இன்னா யக்கா இது. இந்தக் கண்ணுல திமிங்கலமே தலைய ஆட்டிக்கினு வெளிய போயிடும்."

"நீ ஒண்ணும் நொட்டை சொல்ல வாணாம். உன் வேலையப் பாத்துக்கினு போ."

"எந்த மீனுக்கு இது?"

"மீனுக்கு இல்ல. மதாம் ஊட்டுச் சலோனுக்கு."

அவன் சிரிப்பான் என்று நான் காத்திருந்தேன். கரையில் அத்தனை பேர் சிரித்த விஷயம் அது. அவன் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்தான். "ஊசியக் குடு," என்றான். "என் புதுசக் கேட்டிருந்தா குடுத்திருப்பேன்னு நெனைக்காத. குடுத்திருக்க மாட்டேன்."

"எனக்குத் தெரியாதா? அதான் கேக்கல."

அவ்வளவுதான் அவர்கள் சமாதானம். அதற்கப்புறம் அவன் கை ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நூல் போகிறது, வருகிறது, சுண்டுகிறது, ஒரு கண் பிறக்கிறது. எல்லாம் ஒரே அளவு. மூன்று பேருக்கும் டீ வந்தது. நூலை நனைக்க அண்ணி கேன் தண்ணீர் வைத்திருந்தார். அதை அவன் குடிக்கப் போனபோது, "அத வெய்யி, அது வலைக்கு. நீ கொழாத் தண்ணியக் குடி," என்று பிடுங்கிக்கொண்டார்.

சுவரில் வலை ஏற்றுகிற நாளில் தம்பியே அதைத் தோளில் போட்டுக்கொண்டு மதாம் வீட்டுக்கு வந்தான். படகுக்கு எடுத்துப் போவது மாதிரியே நடந்தான். சலோனுக்குள் வந்ததும் சட்டைப் பையிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தான். மஞ்சள். வலையின் ஒரு முனையில் வைத்தான். "கடலோ, சொவுரோ, மொத எறக்கம் மொத எறக்கந்தான்," என்றான். பிறகு ஏணியில் ஒரு பக்கம் அண்ணி, முக்காலியில் ஒரு பக்கம் அவன். ஈரச் சுண்ணாம்பின் மேல் வலை இறங்கியது. அண்ணி பலகையால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி வந்தார். கடைசி மூலைக்கு வந்தபோது நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் அதைப் பார்த்தோம். மஞ்சள் பட்ட இடத்தில் சுண்ணாம்பு சிவந்துகொண்டிருந்தது. ஆரத்தித் தட்டில் சிவக்குமே, அந்தச் சிவப்பு. வெள்ளைச் சுவரின் மூலையில் ஒரு உள்ளங்கை அளவுக்கு மெல்லப் பரவியது.

தம்பியின் முகம் செத்துப் போயிற்று. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று எங்கள் நாலு பேருக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். நாலு பேருக்கும் அந்த நேரத்தில் மறந்திருந்தது. மதாம் எழுந்து வந்தார். குனிந்து பார்த்தார். தன் கல்யாணத்தில் மாதா கோயிலிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது மாமியார் எடுத்த ஆரத்தி இந்த நிறம்தான் என்றார். "என் மருமக வெள்ளைக்காரி. அவளுக்கு யாரும் ஆரத்தி எடுக்கல. கல்யாணம் அங்கேயே முடிஞ்சிடுச்சி," என்று சொல்லி நிமிர்ந்தார். "இருக்கட்டும். அழிக்காத."

சுண்ணாம்பு காத்திருக்காது, உரிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தம்பி முக்காலியில் நின்றபடி மேல் முனையைப் பிடித்துக்கொண்டு, படகை ஓட்டுகிற தண்டல்காரரைக் கேட்பது மாதிரி, யோசிக்காமல் கேட்டான்:

"மேஸ்திரி, மேல இருந்து எடுக்கவா, பக்கத்துல இருந்து எடுக்கவா?"

சொன்னது என்ன என்று அவனுக்கே தெரியாது. அவன் கவனம் முழுக்க வலையில் இருந்தது. அண்ணி ஏணியில் ஒரு நொடி அசையாமல் நின்றார். பிறகு பலகையை இடுப்பில் செருகிக்கொண்டு, "மேல இருந்து. மெதுவா. நான் சொல்ற வரைக்கும் இழுக்காத," என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அதற்குப் பின் கேட்காத நாள் இல்லை.

மழை அந்த வருஷம் நோயலுக்கு அப்புறமும் பெய்தது. சுவரில் உப்புப் பூக்கவில்லை. மதாமின் மகன் வந்தான், பேரப் பிள்ளைகள் அந்தக் கண்களில் விரல் விட்டு விளையாடினார்கள். வந்த விருந்தாளிகள் எல்லோரும் அது எந்தக் கடையில் கிடைக்கிறது என்று கேட்டார்கள். மதாம் பெருமையாகச் சொன்ன பதிலைக் கடைக்கு வந்து என்னிடமும் சொன்னார்: "கடையில கெடைக்காது. குருசுக்குப்பத்துல கெடைக்கும்னு சொல்லிட்டேன்." பழைய மேஸ்திரி கூட ஒருநாள் வந்து பார்த்து, தலையைச் சாய்த்து நின்று, தன் மகள் வீட்டுக் கூடத்துக்கு அண்ணியையே கூப்பிட்டார். சட்டி கழுவினாரா என்று அண்ணி கேட்டார். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

இன்று தவளக்குப்பம் தாண்டிப் புதிது புதிதாக எழும்பும் வீடுகளில் அண்ணியின் சுவர்கள் இருக்கின்றன. ஓட்டல்களில் இருக்கின்றன, ஒரு பல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் இருக்கிறது. வலை மட்டும் இல்லை, கடற்கரை மணலைச் சலித்து, கழுவோ கழுவென்று கழுவிப் பூசுகிற ஒன்று, வாழைச்சருகை ஒற்றி எடுக்கிற ஒன்று என்று எவ்வளவோ. கூட வேலை செய்கிற பெண்கள் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே கையில் தகடு. சட்டியை அவரவர் தூக்க வேண்டும், அண்ணி உட்பட. அவர் குழுவில் சித்தாள் என்ற சொல்லுக்கு இடம் கிடையாது. எனக்கு ஒரு பதவி உண்டு. புது இடத்தில் வேலை என்றால் அந்த ஊர்த் தண்ணீரும் மணலும் ஒரு பாட்டிலில் என் வீட்டுக்கு வரும். "என் நாக்க நம்பக் கூடாது, பாப்பா. நீ சொல்லு." நான் ருசி பார்த்து உப்பு உண்டா இல்லையா என்று சொன்ன பிறகுதான் வேலை தொடங்கும். கவிதை என்று நான் எழுதியதை எல்லாம் விட, யாருக்காவது நான் பயன்பட்டேன் என்றால் அது இந்த நாக்கால்தான்.

என் வீட்டுச் சுவரை மட்டும் இத்தனை வருஷமாகச் செய்ய மாட்டேன் என்றார். "நீ கொறை சொல்ல மாட்ட. கொறை சொல்லாத ஊட்ல வேல செஞ்சா கை கெட்டுப் போயிடும்." நான் பழகிவிட்டேன். போன வாரம் தானாக வந்து, இந்தக் கூடத்துச் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஈரம் ஏறுது," என்று சொல்லிவிட்டு, மறுநாளே பெண்களோடு வந்து கொத்த ஆரம்பித்துவிட்டார். காரைக்காலில் புதிதாகக் கட்டிய கல்யாண மண்டபம் ஒன்று, சுவர் முழுக்க அவர் பொறுப்பு. போனால் வெயில் காலம் முடிந்துதான் திரும்புவார். அதற்கு முன் இதை முடிக்க நினைத்திருக்கிறார். அந்த வேலைக்கு இந்த வலை வேண்டாம், இங்கேயே இருக்கட்டும், அங்கே தம்பி புதிதாக ஒன்று பின்னி அனுப்புகிறான் என்று கம்பியில் விரித்துவிட்டார்.

வேனில் பெண்கள் ஏறி உட்கார்ந்து, யார் ஜன்னலோரம் என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஏணி மேலே கட்டியாயிற்று. வேனின் கதவில் பெயிண்டால் எழுதியிருக்கிறது: பெயர் இல்லை, மேஸ்திரி என்ற ஒரு சொல், கீழே போன் நம்பர். அண்ணி வாசலில் நின்று முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். எல்லாச் சுவரையும் அப்படித்தான் பார்ப்பார், பள்ளிக்கூடத்தில் பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்புகிறவர் மாதிரி. பிறகு என் கைகளைப் பார்த்தார்.

ஈரச் சுண்ணாம்பு மணக்கிறது. வலையிலிருந்து சொட்டிய தண்ணீர் ஜன்னல் திட்டில் ஒரு சின்னக் குட்டையாக நிற்கிறது. தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டேன், உப்பு இல்லை. கதவுக்குப் பின்னால் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. கைகள் தொடைக்கு அடியில் மரத்துப் போய்விட்டன. வேன் கிளம்பும் முன் அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சொன்னதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"கதவுக்குப் பின்னால ஒரு சாண் எடம் வலை போடாம உனக்குன்னு உட்டு வெச்சிருக்கேன், பாப்பா. உன் வெரல அங்க வெச்சிக்கோ. மத்த எடத்துல தொட்டியோ, காரைக்கால்லேர்ந்து வந்து கைய ஒடைப்பேன்."